மூணே மூணு தோட்டா: ஜிம் கார்பெட்டும் நம்ப முடியாத துப்பாக்கிகளும்

ஹாஸ்டலில் இருக்கிற முக்கால்வாசிப் பேர் பப்ஜி ஆடியிருப்போம். கார்98கே கிடைச்சா சந்தோஷம். அதில் மாட்ட 8எக்ஸ் ஸ்கோப்பும் கிடைச்சா கேட்கவே வேண்டாம். அந்த ஸ்கோப்பை வைத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து குதிக்கலாம், ஆத்துல நீந்தலாம், மழையில் நிக்கலாம். கண்ணாடியில் பனி பிடிக்காது, குறி ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. நிஜத்தில் அப்படி ஒரு ஸ்கோப் யாருக்கும் கிடைச்சதில்லை.

இது ஸ்கோப்பே இல்லாமல் காட்டுக்குள் போன ஒருத்தரோட கதை. ஜிம் கார்பெட். பேரைக் கேட்டதும் உங்களுக்கு நேஷனல் பார்க்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. போன செமஸ்டர் லீவில் தி.ஜ.ர. மொழிபெயர்த்த குமாயுன் புலிகள் கையில் கிடைத்தது. (இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச எனக்கு முதல் இருபது பக்கம் எழுத்துக்கூட்டித்தான் ஓடியது, அதை மறைக்கப் போவதில்லை.) புலியைத் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் என் கண்ணில் அடிக்கடி பட்டது வேற விஷயம். முக்கியமான நேரத்தில் ஏதாவது ஒரு கருவி அவர் காலை வாரிக்கொண்டே இருந்தது.

1875 ஜூலை 25 அன்று நைனிடாலில் பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர். பெரிய குடும்பம், ஜிம் எட்டாவது பிள்ளை. சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். குளிர்காலம் வந்தால் குடும்பம் மலையிலிருந்து இறங்கிக் கீழே காலாதுங்கியில் தங்கும். வீட்டைத் தாண்டினால் காடு.

அவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கியைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்கள். தெரிந்தவர் ஒருத்தர் கொடுத்த ரெட்டைக் குழல் துப்பாக்கி, வாய் வழியாக மருந்து திணிக்கிற பழைய வகை. யாரோ மருந்தை அளவுக்கு மீறிப் போட்டதில் வலது குழல் ஆறு அங்குலத்துக்குப் பிளந்து கிடந்தது. கட்டையும் உடைந்திருந்தது. குழலையும் கட்டையையும் பித்தளைக் கம்பி சுற்றி இறுக்கி வைத்திருந்தார்கள். வேலை செய்தது இடது குழல் மட்டும். நம்ம வீட்டில் எட்டு, பத்து வயசுப் பையன் கையில் இதைக் கொடுத்தால் கொடுத்தவரைத்தான் முதலில் அடிப்பார்கள். அந்தப் பையனோ அதை வைத்துத்தான் காட்டைப் படித்தான். ஒரே ஒரு குண்டு, அது போனால் மறுபடி திணிக்க ரொம்ப நேரம் ஆகும். அதனால் கிட்டே போகணும், சத்தம் இல்லாமல் போகணும், எதிரில் இருப்பது என்னன்னு நூறு சதவீதம் தெரிந்த பிறகுதான் சுடணும். பிறகு பள்ளி கேடட் படையின் மார்ட்டினி ரைஃபிள் ஒன்று கையில் கிடைத்தது. முதல் சிறுத்தையை அதால் சுட்டார்.

பதினெட்டு வயசு வாக்கில் ரயில்வே வேலைக்குப் போய்விட்டார். பீகாரில் கங்கைக் கரையில் இருக்கிற மொக்காமே காட்டில் சரக்கு மாற்றும் ஒப்பந்தம். அங்கே இருபது வருஷத்துக்கு மேல். அவர் முழுநேர வேட்டைக்காரர் இல்லை என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்க நிலக்கரியும் மூட்டையும்தான். லீவில்தான் புலி.

இப்போ 1907. சம்பாவத்.

நேபாளத்தில் 200 பேரைக் கொன்ற பெண்புலி ஒன்றை அங்கிருந்து விரட்டிவிட்டார்கள். அது எல்லை தாண்டிக் குமாயுனுக்கு வந்தது. நாலு வருஷத்தில் இந்தப் பக்கமும் அதே அளவுக்கு மேல். மொத்தக் கணக்கு 436 என்று சொல்கிறார்கள். அரசாங்கம் கார்பெட்டைக் கூப்பிட்டபோது அவர் ரெண்டு நிபந்தனை போட்டார். பரிசுத்தொகை அறிவிப்பை ரத்து செய்யணும், காட்டில் இருக்கிற மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்பக் கூப்பிடணும். காசுக்காகச் சுடுபவன் என்ற பேர் அவருக்கு வேண்டாம். யாரோ பதற்றத்தில் சுடுகிற குண்டு தன் மேல் பட்டுச் சாகவும் விருப்பமில்லை.

சம்பாவத் தாசில்தார் முந்நூறு பேர் வரை திரட்டினார். மலை மேலிருந்து கத்தி, கல்லை உருட்டி, தகரம் தட்டிப் புலியைக் கீழே ஓட்டணும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைக் கொண்டுவந்தாலும் கேட்க மாட்டோம் என்று சொல்லிவிட்டதால் ஊரில் ஒளிந்துகிடந்த பழைய துப்பாக்கி எல்லாம் வெளியே வந்தது. கார்பெட் கையில் .500 கார்டைட் ரைஃபிள், மூன்று தோட்டா. மூணே மூணு. அவர் கணக்குப்படி ஒன்று சுட, ஒன்று தவறினால் சுட, மூன்றாவது அவசரத்துக்கு. நம்ம லேபில் ஸ்பேர் ரெசிஸ்டர் எடுத்துவைக்கிற அளவுகூட இல்லை.

மூன்றும் தீர்ந்தது. புலி அடிபட்டிருந்தது, ஆனால் சாகவில்லை. பாறை ஒன்றின் மேல் நின்றுகொண்டு இவரைப் பார்க்கிறது. கார்பெட் மலை மேல் ஓடி தாசில்தார் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். கிட்டே போய் அதைத் தூக்கும்போதுதான் பார்க்கிறார், குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடைவெளி. கிட்டத்தட்ட ஒன்பதரை மில்லிமீட்டர். அழுத்தம் தாங்க வேண்டிய இடத்தில் ஒன்பதரை மில்லிமீட்டர் சந்து! மெக்கானிக்கல் பசங்களுக்கு இதைப் படிக்கும்போதே வயிறு கலங்கும். சுட்டால் வெடிக்கலாம், எரிவாயு பின்னாடி அடித்துக் கண் போகலாம். முன்குறி இருக்க வேண்டிய இடத்தில் பெரிய உருண்டை ஒன்று. அந்த உருண்டையைப் புலியின் திறந்த வாய்க்கு நேராக வைத்துச் சுட்டார். தூரம் வெறும் இருபது அடி. குண்டு வாயில் படவே இல்லை, வலது முன்பாதத்தில் பட்டது. நல்லவேளையாக, முன்னாடி பட்ட காயங்களே அதை முடிக்கப் போதுமாக இருந்தன. அப்படியே சரிந்தது.

இருபது அடியில் வாய்க்கு வைத்த குறி பாதத்துக்குப் போகிறது. அவ்வளவு மோசமான துப்பாக்கி.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார்கள். வலது பக்கம் மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது, கீழ்ப்பல் எலும்பு வரை போயிருந்தது. என்றோ எவனோ சுட்ட குண்டு. மானைப் பிடிக்க அந்தப் பல் உதவாது. அதனால்தான் அது மனிதனைத் தின்னப் பழகியது என்று கார்பெட் முடிவுக்கு வந்தார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். சரியாகப் போகாத ஒரு குண்டு, அதுக்கு அப்புறம் 436 பேர். சுட்டவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். சுள்ளி பொறுக்கப் போன பெண்கள், புல் அறுக்கப் போன பெண்கள், ஒவ்வொருத்தராக அதற்கு விலை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கார்பெட் வாழ்க்கையில் எடுத்த பல முடிவுகளை இந்தப் பல்லை வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

சம்பாவத் புலிக்காக மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹ்யூவெட் அவருக்கு ஒரு ரைஃபிள் பரிசளித்தார். லண்டன் ரிக்பி கம்பெனியின் .275. குண்டின் விட்டம் சுமார் 7 மில்லிமீட்டர், கட்டையில் விவரம் பொறித்த வெள்ளித் தகடு. அதன் உள்ளே இருப்பது மௌசர் ஆக்‌ஷன். நீங்கள் பப்ஜியில் தேடித்தேடி எடுக்கிற கார்98கே இருக்கே, அதுவும் இதே குடும்பம்தான். ஒரு பெரிய வித்தியாசம், கார்பெட்டின் ரைஃபிளில் ஸ்கோப் கிடையாது. குழல் நுனியில் ஒரு முன்குறி, பின்னால் வெட்டு போட்ட பின்குறி, அவ்வளவுதான்.

அப்போ ஸ்கோப் கண்டுபிடிக்கவில்லையா? இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே இருந்தது. ஜெர்மனியில் வேட்டைக்கென்றே செய்து விற்றார்கள். பிரச்சினை, அதைக் காட்டுக்குள் நம்ப முடியாது. ஏன்னு பார்ப்போம், இது நம்ம சிலபஸ்தான்.

அந்தக் கால ஸ்கோப்பின் குழாய் காற்றுப் புகாதபடி மூடப்பட்டதில்லை. உள்ளே இருக்கிற காற்றில் ஈரம் இருக்கும். கூடாரத்தின் கதகதப்பிலிருந்து விடியற்காலைக் குளிருக்குக் கொண்டுபோனால் அந்த ஈரம் லென்ஸின் உட்பக்கம் படியும். வெளியே துடைத்தால் போகாது. ஓ-ரிங் வைத்து அடைத்து உள்ளே நைட்ரஜன் நிரப்புவது ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம்தான் வந்தது. அமெரிக்காவின் லியூபோல்ட் கம்பெனி 1940-களின் கடைசியில் அதை விற்க ஆரம்பித்தபோது கார்பெட் வேட்டையையே நிறுத்தியிருந்தார்.

அடுத்தது மவுன்ட். ஸ்கோப்பைத் தாங்குகிற ரெண்டு பிடிக்கும் நடுவே 10 செ.மீ. என்று வையுங்கள். ஒரு பிடி வெறும் 0.1 மி.மீ. நகர்ந்தால் 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. தள்ளிப் போகும். சின்ன முக்கோணக் கணக்கு, போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ரைஃபிள் உதைக்கிறது. மட்டக்குதிரை மேல் நாள் முழுக்கக் குலுங்குகிறது. உண்ணிச்செடிப் புதரில் தவழும்போது இடிக்கிறது. 0.1 மி.மீ. எம்மாத்திரம்? அது நகர்ந்தது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அடுத்த குண்டு தப்பாகப் போகும்போதுதான் தெரியும். என் ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் சென்சார் மேஜை மேல் அழகாக வேலை செய்தது, வெயிலில் வைத்த அன்றைக்கு வேற எண் காட்டியது. அது தப்பு என்று எனக்குத் தெரியவே ரெண்டு நாள் ஆச்சு. செத்துப்போன கருவியை விட இப்படிப் பொய் சொல்லுகிற கருவிதான் ஆபத்து. ஆனால் என் எதிரில் புலி இல்லை, ஹெச்.ஓ.டி.தான்.

இரும்புக் குறியில் பனி பிடிக்காது, எளிதில் நகராது. ஆனால் அதுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. இருட்டு. முன்குறி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ரைஃபிள் வெறும் இரும்புத்தடி. ஆட்கொல்லிச் சிறுத்தை வருவதோ ராத்திரியில். அதனால் கார்பெட் தோட்டாவுக்குப் பட்ட கஷ்டத்தை விட வெளிச்சத்துக்குப் பட்ட கஷ்டம் அதிகம்.

1910-இல் பனார் சிறுத்தை. அது கொன்றவர்கள் 400 பேர் என்று சொல்லப்பட்டது. இருட்டில் ரைஃபிள் குறி தெரியாது என்பதால் ஷாட்கன் எடுத்துப்போனார். மரத்தில் இருந்தபடி சுட்டதில் சிறுத்தைக்குக் காயம். விடியும்வரை காத்திருக்கலாம்தான், ஆனால் தேடி இறங்கினார். கூட வந்த ஊர்க்காரர்கள் கையில் பைன் மரப் பந்தம். சிறுத்தை பாய்ந்ததும் அவர்கள் பந்தத்தைப் போட்டுவிட்டு ஓட்டம். யார் இருந்தாலும் ஓடுவோம், அவர்கள் மேல் தப்பே இல்லை. கீழே விழுந்து சிதறிய பந்தத் துண்டுகள் எரிந்துகொண்டிருந்த அந்த வெளிச்சத்தில் சுட்டார்.

ருத்ரபிரயாகைச் சிறுத்தை இன்னும் மோசம். கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் 1918-லிருந்து எட்டு வருஷம், 125 பேர். பொறி வைத்தார்கள், விஷம் வைத்தார்கள், ஒரு தடவை குகைக்குள் அடைத்தும் வைத்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. கார்பெட் வருவதற்கு முன்னாலேயே ரெண்டு இளம் ராணுவ அதிகாரிகள் தொங்குபாலத்தில் காத்திருந்து சுட்டிருந்தார்கள். பாதத்தில் பட்டு ஒரு விரல் போனது, சிறுத்தை தப்பித்தது. மறுபடியும் பாதி பட்ட குண்டு.

ஒரு ராத்திரி கார்பெட்டும் கார்வால் துணை ஆணையர் இபட்சனும் பெட்ரோல் விளக்கோடு மலைச்சரிவில் போகிறார்கள். விளக்கு இபட்சன் கையில். அது பாறையில் இடித்து மேன்டில் உடைந்து விழுந்தது. நீல ஜுவாலை நேராக எரிபொருள் கலத்தைச் சுடுகிறது. இன்னும் மூன்று நிமிஷம் வெளிச்சம் கிடைக்கும், அதற்குமேல் வைத்திருந்தால் வெடிக்கும். ஆட்கொல்லி எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கிறது. கடைசியில் கும்மிருட்டில் தட்டுத்தடுமாறி ஒரு வீட்டுக் கதவைத் தட்டி உயிர் பிழைத்தார்கள். அன்றைக்கு அந்த ரைஃபிளில் எந்தக் குறையும் இல்லை. கெட்டுப்போனது ஒரு மேன்டில், அவ்வளவுதான்.

1926 மே 2. கோலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தின் மேல் பத்து நாளாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்திருந்தார். கீழே கழுத்தில் மணி கட்டிய ஆடு, ரைஃபிளோடு ஒரு டார்ச். ஆட்டு மணி சட்டென்று சத்தம் போட்டது. டார்ச்சை அழுத்தினார். குறி சரியாகச் சிறுத்தையின் தோளில் நின்றது, துப்பாக்கியை இம்மிகூட நகர்த்தத் தேவைப்படவில்லை. விசையை இழுத்தார். அந்த நொடியே டார்ச் அணைந்துவிட்டது. பட்டதா படவில்லையா என்று தெரியாமல் விடியும்வரை மரத்திலேயே இருக்க வேண்டியதாச்சு. பட்டிருந்தது. எட்டு வருஷப் பயம் முடிந்தது ஒரு டார்ச்சின் கடைசி ஒரு நொடி வெளிச்சத்தில்.

கனமான வேலைக்கு அவர் வைத்திருந்தது ஜெஃப்ரி கம்பெனியின் .450/400 ரெட்டைக் குழல் ரைஃபிள். இந்த டிசைன் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரெண்டு குழல், ரெண்டு விசை, உள்ளே ரெண்டு தனித்தனி அடிப்பான். ஒரே கட்டையில் ரெண்டு துப்பாக்கி. ஒன்று வேலை செய்யாவிட்டால் விரலை அடுத்த விசைக்கு நகர்த்தினால் போதும். நாம் ரிடன்டன்சி என்று செமினார் எடுக்கிறோமே, அதுதான். குறை, எடை. அதனால் நாள் முழுக்க நடக்கிற வேலை என்றால் இலேசான ரிக்பியை எடுத்துக்கொள்வார்.

ஆனால் 1929-இல் கெட்டுப்போன கருவி அவர் உடம்பு. தராய்ப் பகுதியில் யானை மேல் வேட்டைக்குப் போனபோது கூட இருந்தவர் சுட்ட ரைஃபிளின் வாய் இவர் இடது காதுக்குப் பக்கத்தில் இருந்தது. செவிப்பறை போய்விட்டது. உள்ளே சீழ்க்கட்டி, தலை வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. அந்த நிலைமையில் தல்லா தேஸ் ஆட்கொல்லியைத் தேடிப் போனார். காட்டில் ஒரு காது கேட்கவில்லை என்றால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. புலிக்குக் காயம் பட்டது, சாகவில்லை. காய்ச்சலும் வலியுமாக நாள்கணக்கில் அதன் தடத்திலேயே நடந்தார். காயம்பட்ட புலியைக் காட்டில் விட்டுவிட்டுப் போவது அவருக்கு முடியாத காரியம். சம்பாவத் புலியின் பல்லைப் பார்த்தவர் இல்லையா?

அடுத்த வருஷம் சௌகர் பெண்புலி, 64 பேரைக் கொன்றது. 1930 ஏப்ரல் 11 அன்று ஒரு பாறையைச் சுற்றித் திரும்புகிறார், எட்டு அடியில் அது படுத்துக்கொண்டு இவரைப் பார்க்கிறது. இவர் இடது கையில் வழியில் எடுத்த ரெண்டு பறவை முட்டைகள். ரைஃபிள் வலது கையில், வேற திசையைப் பார்த்தபடி. ஒற்றைக் கையால் மெதுவாக, மிக மெதுவாக அதைச் சுற்றிக்கொண்டுவந்து சுட்டார். இந்த இடத்தில் ஸ்கோப் இருந்திருந்தால் அதில் தெரிந்திருப்பது மஞ்சள் மயிர் மட்டும்தான். முட்டைகளைத் திரும்பக் கூட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அவரை மகான் ஆக்கிவிடவும் எனக்கு இஷ்டமில்லை. அதே 1930-இல் பொவால்கரில் ஒரு பெரிய ஆண்புலியைச் சுட்டார். அது யாரையும் தின்றதில்லை. அந்தப் பகுதியிலேயே பெரிய புலி என்பதுதான் காரணம். முதல் குண்டில் சாகவில்லை, காயத்தோடு போனதை மறுபடி தேடிப்போக வேண்டியதாச்சு. குறி தவறிய வேட்டைக்காரர்களைப் பற்றி நான் மேலே பேசியதெல்லாம் அன்றைக்கு அவருக்கும் பொருந்தும். பீபல் பானி புலியின் கதையைப் படித்தால் இன்னும் மனசு கஷ்டப்படும். குட்டியாக இருந்ததிலிருந்து கால்தடம் பார்த்து வளர்த்தது மாதிரி அவருக்குத் தெரிந்த புலி. வேறொருவர் மச்சானிலிருந்து சுட்டு அதன் தோளில் காயம். இது ஆட்கொல்லி ஆகிவிடும் என்று பயந்து கார்பெட்டே கூப்பிட்டு வரவழைத்துச் சுட்டார். கிட்டே போய்ப் பார்த்தால் அந்தக் காயம் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. சுட்டிருக்கவே வேண்டியதில்லை.

அந்தக் காலகட்டத்தில்தான் அவர் கைக்கு கேமராவும் வந்தது. சினிமா கேமராவில் புலிகளைப் படம்பிடிக்க ஓடை ஓடையாக அலைந்தார். 1936-இல் அங்கே சரணாலயம் அமையவும் உழைத்தார். இன்று அவர் பெயரில் இருக்கும் பார்க் அதுதான்.

கடைசி ஆட்கொல்லி தக் கிராமத்தில், 1938 நவம்பர் 30. வயசு 63. சுடுவதற்கு வெளிச்சம் இன்னும் சில நிமிஷம்தான். ஒரு பாறையில் தொற்றிக்கொண்டு நிற்கிறார், கீழே நாலு ஆட்கள், ஒரு ஆடு. பெண்புலி மாதிரியே குரல் கொடுத்தார்... இல்லை, தப்பு, ஆண்புலி மாதிரி. பெண்புலி பதில் சொல்லிக்கொண்டே நெருங்கி வந்தது. முதல் குண்டு வலது கண்ணுக்குக் கீழே. ரெண்டாவது கிட்டத்தட்ட தானாகவே வெடித்துத் தொண்டையில் பட்டது. ரைஃபிள் கொடுத்த உதையில் இவர் பின்னாடி போய் அந்த நாலு பேர் மேலும் ஆட்டின் மேலும் விழுந்தார். நாலு பேருக்கும் மேலே என்ன நடந்தது என்றே தெரியாது. புலிதான் விழுந்தது என்று நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

1947 நவம்பரில் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போனார். நியெரியில் வீடு. அங்கேயே 1955 ஏப்ரல் 19 அன்று இறந்தார். அந்த .275 ரிக்பி அவருடைய புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. புத்தகக் கம்பெனி ஆபீஸில் ரொம்ப வருஷம் ஒரு வேட்டைத் துப்பாக்கி இருந்தது. 2010-களில் ரிக்பி கம்பெனியே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நெட்டில் அதன் போட்டோ கிடைக்கும், தேடிப் பாருங்கள். வெள்ளித் தகட்டைப் பார்த்துவிட்டு அப்படியே குழல் நுனிக்குப் போங்கள். அந்த முன்குறி அவ்வளவு சின்னது.